கடலுக்கு அடியில் ஒரு சுரங்கம்: பொட்டாலக்கில் மிச்சமிருப்பவை

இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில், நிலம் முடிந்து அட்லாண்டிக் தொடங்கும் இடம் கார்ன்வால். அங்கே செயின்ட் ஜஸ்ட் என்ற சிற்றூருக்குப் பக்கத்தில், அலை வந்து மோதும் பாறைச் சரிவில் இரண்டு கருங்கல் கட்டடங்கள் ஒன்றுக்குக் கீழே ஒன்றாக நிற்கின்றன. கூரை இல்லை. ஒவ்வொன்றோடும் ஒட்டி ஒரு புகைபோக்கி. படத்தில் முதன்முதலாகப் பார்ப்பவர்கள் பாழடைந்த கோட்டை என்றோ பழைய தேவாலயம் என்றோ நினைப்பார்கள். கூடவே ஒரு சந்தேகமும் வரும்: கொஞ்சம் தவறினால் கடலில் விழுகிற இடத்தில் யார் போய் வீடு கட்டுவார்கள்?

அங்கே யாரும் குடியிருந்ததில்லை. இரண்டும் நீராவி இயந்திரங்களுக்காகக் கட்டியவை. கீழே இருப்பது 1835இல் கட்டியது, தண்ணீர் இறைக்க. மேலே இருப்பது 1862இல் கட்டியது, தாதுவை மேலே இழுக்க. இரண்டுக்கும் சேர்த்து 'கிரவுன்ஸ்' என்று பெயர். இவை வேலை செய்தது பொட்டாலக் என்ற சுரங்கத்துக்காக. அந்தச் சுரங்கத்தின் முக்கியமான பகுதி கண்ணுக்குத் தெரியாது. அது கடலடிப் பாறைக்குள் இருக்கிறது.

அங்கே என்ன எடுத்தார்கள்? வெள்ளீயமும் செம்பும், அவற்றோடு ஆர்செனிக்கும். 'ஈயம்' என்ற சொல் நம்மைக் கொஞ்சம் குழப்பும். பித்தளைப் பாத்திரத்துக்கு உள்ளே பூசுகிற ஈயம், ரசம் வைக்கிற ஈயச்சொம்பு, இதெல்லாம் வெள்ளீயம். கனமான, நச்சுள்ள காரீயம் வேறு உலோகம். கார்ன்வாலுக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது வெள்ளீயம்தான். செம்போடு இதைக் கலந்தால் வெண்கலம். அதனால் இந்த மூலையின் உலோகத்துக்கு மிகப் பழைய காலத்திலிருந்தே கிராக்கி இருந்தது.

சரி, ஏன் கடலோரத்தில்? அதற்குப் பாறையின் கதை கொஞ்சம் தெரிய வேண்டும். ஏறக்குறைய 27 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமிக்குள்ளிருந்து உருகிய பாறைக் குழம்பு மேலெழும்பி, மேலே இருந்த பழைய பாறைகளுக்குள் புகுந்து, மெதுவாக ஆறிக் கருங்கல்லாக இறுகியது. ஆறும்போது பாறையில் விரிசல்கள் விட்டன. உலோகங்கள் கரைந்திருந்த வெந்நீர் அந்த விரிசல்களில் ஏறி, குளிர்ந்து, வெள்ளீயத் தாதையும் செம்புத் தாதையும் படிய வைத்தது. இப்படி நிரம்பிய விரிசலைத் தாது நாளம் என்பார்கள். தரைக்குள் கிட்டத்தட்டச் செங்குத்தாகச் செருகி நிற்கிற ஒரு பலகையை நினைத்துக்கொள்ளுங்கள். அகலம் சில அடிதான் இருக்கும், ஆனால் நீளமும் ஆழமும் ஏராளம்.

மற்ற இடங்களில் இந்தப் பலகை மண்ணுக்குள் மறைந்து கிடக்கும். கடற்கரைச் செங்குத்தில் அப்படி ஒளிய முடியாது. அலைகள் பாறையை வெட்டி வைத்த இடத்தில் நாளத்தின் ஓரம் வெளியே தெரியும், செம்பு இருந்தால் பச்சைக் கறையாகவே வழியும். அந்தக் காலத்து ஆள் கறையைப் பார்த்தான், அங்கேயே உளியை வைத்தான். நாளம் போன திசையிலேயே போனான். பொட்டாலக்கில் நாளங்கள் கடலை நோக்கிப் போயின, ஆட்களும் அப்படியே கடலுக்கடியில் போய்விட்டார்கள். கடலுக்குக் கீழே சுரங்கம் தோண்டப்போகிறோம் என்று யாரும் திட்டம் போட்டு ஆரம்பித்த வேலையாக எனக்குத் தோன்றவில்லை.

இனி தண்ணீர். இந்த இடிபாடுகளில் சில தண்ணீர்ப் பிரச்சினைக்காகவே கட்டியவை, அதைப் புரிந்துகொண்டால் மற்றது தானாக விளங்கும்.

எந்தக் குழி தோண்டினாலும் தண்ணீர் ஊறும். மலைச்சரிவிலோ கடற்கரைச் செங்குத்திலோ சுரங்கம் இருந்தால் ஒரு வசதி உண்டு. பக்கவாட்டில், லேசாக வெளிப்பக்கம் சரிவாக ஒரு நீண்ட வடிகால் குடைந்துவிட்டால் போதும், தண்ணீர் தானாகவே ஓடிக் கடலில் விழும். செலவே இல்லை. ஆனால் அந்த வடிகாலின் மட்டத்துக்குக் கீழே ஒரு அடி தோண்டினாலும் அந்த வசதி போய்விடும். அதற்குக் கீழே ஊறுவதையெல்லாம் வடிகால் மட்டம் வரை ஏற்றியாக வேண்டும். பொட்டாலக் கடைசியில் கடல் மட்டத்துக்குக் கீழே சுமார் 250 பாகம் ஆழம் போனது. ஒரு பாகம் ஆறடி, நம் மீனவர்கள் கடலாழம் சொல்கிற அதே கணக்கு. 1,500 அடி ஆழத்திலிருந்து, இரவும் பகலும், நிறுத்தாமல் இறைக்க வேண்டும்.

ஆளும் குதிரையும் இறைத்து முடிகிற வேலையா அது? அதற்காக வந்ததுதான் உத்தர இயந்திரம். கிணற்று ஏற்றத்தைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் புரியும். ஏற்றத்தில் ஒரு நீளமான மரம் நடுவில் தாங்கி நிற்கும். ஒரு முனையில் சால் தொங்கும். மரத்தின் மேல் ஆள் முன்னும் பின்னும் நடக்க, சால் இறங்கும், ஏறும். இங்கே மரத்துக்குப் பதில் பல டன் எடையுள்ள இரும்பு உத்தரம், நடக்கிற ஆளுக்குப் பதில் நீராவி. உத்தரத்தின் ஒரு முனை கட்டடத்துக்குள் சிலிண்டரின் மேல் இருக்கும். மறுமுனை சுவரைத் தாண்டி வெளியே நீட்டி, குழிக்கு நேர் மேலே நிற்கும். அதிலிருந்து நீளமான மரத்தண்டு குழிக்குள் அடி வரை இறங்கும்.

பலர் தலைகீழாகப் புரிந்துகொள்கிற இடம் ஒன்று உண்டு. நீராவி நேரடியாகத் தண்ணீரைத் தூக்குவதில்லை. அது அந்தக் கனத்த தண்டைத்தான் தூக்கும். அப்புறம் தண்டு தன் எடையாலேயே கீழே இறங்கும்போது, கீழே உள்ள பம்பில் தண்ணீரை அழுத்தி மேலே தள்ளும்.

இப்போது மறுபடி அந்தக் கட்டடத்தைப் பாருங்கள். நான்கு சுவர்களில் ஒன்று மட்டும் மற்றவற்றைவிடப் பருமனாகவும், உயரம் குறைவாகவும் இருக்கும். உத்தரம் உட்கார்ந்து ஆடியது அந்தச் சுவரின் மேல்தான். அந்தச் சுவர் எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தப் பக்கம் குழி இருக்கிறது, அல்லது இருந்தது. இன்னொரு சுவரில் பொருத்தமில்லாத அளவுக்குப் பெரிய வளைவு வாசல் ஒன்று தெரிந்தால், அது சிலிண்டரை உள்ளே கொண்டுபோக விட்ட வழி. புகைபோக்கி ஓர் ஓரத்தில் இருப்பது கொதிகலனுக்காக. கீழ்ப்பகுதி கருங்கல், உச்சி செங்கல். இது தெரிந்தபின் கோட்டை என்ற எண்ணம் திரும்ப வராது.

கார்ன்வாலில் நிலக்கரி கிடையாது. ஒவ்வொரு கூடைக் கரியும் வேல்ஸிலிருந்து கப்பலில் வந்தது. செம்புத் தாதை உருக்க ஏகப்பட்ட கரி வேண்டும் என்பதால், தாது அதே கடல்வழியில் வேல்ஸின் ஸ்வான்சிக்கு உருக்கப் போனது. கரி இவ்வளவு விலையாக இருந்ததால், குறைந்த கரியில் அதிகத் தண்ணீர் இறைக்கும் இயந்திரம் யாருடையது என்று இவர்களுக்குள் பெரிய போட்டி. 1811இலிருந்து இயந்திரவாரியாகக் கணக்கெடுத்து மாதாமாதம் அச்சிட்டே வெளியிட்டார்கள். பொறியாளர் ரிச்சர்ட் ட்ரெவிதிக் உயரழுத்த நீராவியை வைத்து விளையாடியது இந்த ஊர்ப்பக்கம்தான். தேவை கழுத்தைப் பிடித்ததால் வந்த கண்டுபிடிப்புகள் இவை.

கடலுக்கடியில் போனார்களே, கடல் உள்ளே வரவில்லையா? தலைக்கு மேல் போதுமான கெட்டிப் பாறையை விட்டுவைத்தால் பெரும்பாலும் வராது. கசிவு வரும், அதைப் பம்பு பார்த்துக்கொள்ளும். ஆபத்து எப்போது என்றால், நல்ல தாது கூரையிலேயே தெரிகிறபோது. கை சும்மா இருக்குமா? பிற்பாடு பொட்டாலக்கோடு சேர்ந்துவிட்ட வீல் காக் என்ற சுரங்கத்தில் சில இடங்களில் கடலடிக்கும் தலைக்கும் இடையே சில அடிப் பாறைதான் இருந்தது. புவியியலாளர் வில்லியம் ஜோரி ஹென்வுட் புயல் நேரத்தில் அங்கே உள்ளே இருந்துவிட்டு எழுதியிருக்கிறார்: தலைக்கு மேலே கடலடியில் பெரிய பாறாங்கற்கள் அலையோடு உருண்டு போகிற சத்தம் கேட்டதாம். அந்தச் சத்தத்தில் சுரங்கத் தொழிலாளர்களே வேலையைப் போட்டுவிட்டு ஓடிய நாட்கள் உண்டு.

ஆனால் பாருங்கள், இந்தப் பக்கத்தின் மிகக் கொடிய வெள்ளம் கடலிலிருந்து வரவில்லை. பொட்டாலக்குக்குப் பக்கத்திலேயே வீல் ஓல்ஸ் என்ற சுரங்கம். 1893 ஜனவரி 10 அன்று அங்கே பாறையைக் குடைந்துகொண்டிருந்தவர்கள், கைவிடப்பட்டுத் தண்ணீர் நிரம்பிக் கிடந்த பழைய சுரங்கத்துக்குள் உடைத்துக்கொண்டு போய்விட்டார்கள். 19 ஆண்களும் ஒரு சிறுவனும் மூழ்கினார்கள். உடல்களை எடுக்க முடியவே இல்லை, இன்றும் உள்ளேதான் இருக்கின்றன. காரணம் ஒரு வரைபடப் பிழை. திசைகாட்டியின் முள் காட்டும் வடக்கு ஆண்டுக்காண்டு சிறிது நகரும். பழைய வரைபடத்தைப் பயன்படுத்தியபோது அந்த நகர்வைச் சேர்த்துக் கணக்குப் பண்ணவில்லை. பழைய குழி இன்னும் தூரத்தில் இருக்கிறது என்று காகிதம் சொன்னது. கைவிட்ட சுரங்கம் என்றால் வெறும் பொந்து என்று நினைப்போம். பம்பை நிறுத்திய நாளிலிருந்து அது ஒரு நீர்த்தேக்கம்.

பொட்டாலக்கிலும் சாவு நடந்தது, வேறு விதமாக. 1858இல் தொடங்கி 1862 வாக்கில் முடித்த ஒரு சாய்வுக் குழி அங்கே உண்டு, பாஸ்கவன் சாய்வுக் குழி என்று பெயர். செங்குத்தாக இறங்காமல், கரையிலிருந்து கடலுக்கடியில் சறுக்கு மரம்போல் இறங்குகிற வழி. சங்கிலியில் கட்டிய வண்டி தண்டவாளத்தில் இறங்கும், ஏறும். 1863 ஏப்ரலில் சங்கிலி அறுந்து எட்டுப் பேரும் ஒரு சிறுவனும் இறந்தார்கள். இரண்டு வருடம் கழித்து, 1865இல், பிரிட்டிஷ் பட்டத்து இளவரசரும் அவர் மனைவி அலெக்சாண்ட்ராவும் அதே குழியில் வண்டியேறிக் கடலுக்கடியில் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். அதற்கப்புறம் வேடிக்கை பார்க்க வந்த கூட்டத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

உள்ளே வேலை பார்த்தவர்களுக்கு மாதச் சம்பளம் என்று ஒன்று கிடையாது. சுரங்கத்தின் ஒவ்வொரு துண்டையும் ஏலம் விடுவார்கள், ஆனால் தலைகீழ் ஏலம். எடுக்கும் தாதின் மதிப்பில் எனக்கு இவ்வளவு பங்கு போதும் என்று யார் குறைத்துக் கேட்கிறாரோ அவருக்கே அந்தத் துண்டு. நல்ல நாளம் மாட்டினால் கையில் காசு. வெறும் கல்லாகப் போனால் மெழுகுவர்த்திக்கும் வெடிமருந்துக்கும் பட்ட கடன்தான் மிச்சம், ஏனென்றால் அந்தச் செலவும் அவர்கள் தலையிலேயே. பெண்கள் உள்ளே இறங்கவில்லை. மேலே, திறந்த வெளியில், கடல் காற்றில் நின்று சுத்தியலால் தாதுக் கல்லை உடைத்துப் பிரித்தார்கள். 'பால் மெய்டன்' என்று அவர்களுக்குப் பெயர், 'பால்' என்றால் கார்னிஷ் மொழியில் சுரங்கம்.

வேலையைவிட வேலைக்குப் போய்வருவதுதான் கொடுமை. ஆயிரம் அடிக்கு மேல் ஏணியில் இறங்க வேண்டும், நாள் முழுக்கக் கல்லுடைத்துவிட்டு மறுபடி அதே ஏணியில் ஏற வேண்டும். வடக்கே சிறிது தூரத்தில் உள்ள லெவன்ட் சுரங்கத்தில் இதற்கு 'மனித இயந்திரம்' வைத்தார்கள். குழிக்குள் ஒரு நீண்ட தண்டு 12 அடி மேலே போகும், 12 அடி கீழே வரும். தண்டில் படிகள், குழிச் சுவரிலும் படிகள். தண்டு மேலே வரும்போது அதில் நின்று, உச்சியில் சுவர்ப்படிக்குத் தாவி, அது இறங்கி மறுபடி வரும்போது அடுத்த படிக்குத் தாவ வேண்டும். இப்படியே மேலே வந்து சேரலாம். 1919 அக்டோபர் 20 அன்று, வேலை முடிந்து நூறு பேருக்கு மேல் அதில் ஏறி வந்துகொண்டிருந்தபோது உச்சியில் இருந்த இணைப்பு உடைந்து தண்டு சரிந்தது. 31 பேர் இறந்தார்கள். அந்த இயந்திரத்தை மறுபடி வைக்கவில்லை. ஆழமான தளங்களுக்கு ஆள் போக வழியில்லாமல் அவற்றையும் விட்டுவிட்டார்கள். 1930இல் லெவன்ட் மூடியது.

பொட்டாலக் அதற்கு முன்பே, 1895இல் மூடிவிட்டது. சிலியிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் மலிவான செம்பு வந்தது. மலாயாவிலும் ஆஸ்திரேலியாவிலும் வெள்ளீயம் இவ்வளவு ஆழத்தில் இல்லை, ஆற்றுமணலிலேயே கிடைத்தது. 1,500 அடி ஆழத்தில் பம்பு ஓட்டுகிறவன் அதோடு எப்படிப் போட்டி போடுவான்? உலகச் சந்தை மட்டும் காரணம் என்று நான் நினைக்கவில்லை. பங்குதாரர்கள் சில மாதத்துக்கு ஒருமுறை கணக்குப் பார்ப்பார்கள், லாபத்தை அப்போதே பிரித்துக்கொள்வார்கள், அலுவலகத்திலேயே விருந்தும் நடக்கும். சேமிப்பு என்று எதுவும் கிடையாது. விலை சரிந்த வருடத்தில் கைகொடுக்க ஒன்றும் இருக்காது. அந்த அலுவலகக் கட்டடம் மட்டும் இன்றும் முழுசாக, கூரையோடு இருக்கிறது.

வேலை போனவர்கள் கப்பலேறினார்கள். உலகத்தில் எங்கே ஆழமான குழி இருந்ததோ அங்கெல்லாம் கார்ன்வால்காரர்கள் போனார்கள்: தெற்கு ஆஸ்திரேலியா, மிச்சிகன், மெக்சிகோ. கோலார் தங்கவயலுக்கும் வந்தார்கள். அங்கே அவர்கள் மேற்பார்வை பார்க்க, குழிக்குள் இறங்கியவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள்.

1906 வாக்கில் பொட்டாலக்கை மறுபடி திறந்து பார்த்தார்கள், 1914 வரை தாக்குப்பிடித்தது. இன்று தரையில் தெரிகிற இடிபாடுகளில் நிறைய இந்த இரண்டாம் சுற்றில் வந்தவைதான். அதில் பலர் கவனிக்காமல் நடந்து போகிற ஒன்று, ஆர்செனிக் தயாரித்த இடம். பழைய தமிழ் வைத்தியம் பாஷாணம் என்று சொல்கிற நச்சுகளில் ஆர்செனிக்கும் சேரும். வெள்ளீயத் தாதோடு அது ஒட்டிக்கொண்டே வரும். சூளையில் வறுத்தால் புகையாகப் பிரியும். அந்தப் புகையை நேரே வெளியே விடாமல், வளைந்து வளைந்து போகிற சுரங்கப்பாதை போன்ற அறைகளுக்குள் விட்டார்கள். போகப் போகப் புகை ஆறி, சுவரெல்லாம் வெள்ளைப் பொடியாகப் படியும். அப்புறம் ஆட்கள் உள்ளே போய்ச் சுரண்டி அள்ள வேண்டும். பாதுகாப்பு? மூக்கில் பஞ்சு, தோலில் களிமண் பூச்சு, அவ்வளவுதான். அந்தப் பொடி பூச்சிக்கொல்லிக்குப் போனது, அமெரிக்கப் பருத்தி வயல்கள் வரை. வளைந்த அந்த அறைகள் இன்றும் அங்கே இருக்கின்றன.

மற்ற அடையாளங்களையும் சொல்லிவிடுகிறேன். தரையில் வட்டமான ஆழமில்லாத தொட்டிகள் தெரிந்தால், பொடித்த தாதைத் தண்ணீரில் அலசிப் பிரித்த இடம் அது; கனமான வெள்ளீயம் நடுவில் தங்கும், லேசான மணல் ஓரத்துக்குப் போகும். புல் முளைக்காத செந்நிற மேடு கழிவுக் குவியல். வெட்டவெளியில், எதையும் அடைக்காமல், வட்டமாக ஒரு கல்சுவர் மட்டும் நின்றால் எட்டிப் பார்க்க ஏறாதீர்கள், உள்ளே குழி இருக்கும். இரும்பு எங்கேயும் அதிகம் காணக்கிடைக்காது, மூடியதும் காயலான் கடைக்குப் போய்விட்டது. கல்லை யாரும் விலைக்கு வாங்கவில்லை, அதனால் சுவர்கள் தப்பின. ஒரு எஃகுக் கோபுரம் மட்டும் நிமிர்ந்து நிற்கிறதே என்று கேட்பீர்கள். அது ஆலன்ஸ் குழியின் மேல் நிற்பது, 1980களில் பக்கத்துக் கீவர் சுரங்கத்தார் தாது தேடிப் பார்க்க நிறுத்தியது. பழமை என்று பார்த்தால் அங்கே அதுதான் குழந்தை.

லெவன்டில் ஓர் இயந்திரம் மட்டும் காயலான் கடையிலிருந்து தப்பியது. ஹெய்ல் ஊரின் ஹார்வி பட்டறையில் 1840இல் செய்தது. 1930களில் சிலர் ஒன்றுசேர்ந்து அதை மீட்டு வைத்தார்கள். பிற்பாடு தன்னார்வலர்கள் பல வருடம் கிரீஸில் புரண்டு, மறுபடி நீராவியில் ஓட வைத்தார்கள். இந்தப் பக்கம் போனால் முதலில் அதைப் பார்த்துவிட்டுக் கிரவுன்ஸுக்குப் போவது நல்லது என்பேன். உத்தரம் ஆடுவதைக் கண்ணால் பார்த்த பிறகு, அந்த வெற்றுச் சுவர்களுக்கு மேலே அது இருந்த இடம் மனதில் தானாக நிரம்பிவிடும்.

1985இல் உலகச் சந்தையில் வெள்ளீய விலை சரிந்தது. கீவரும் 1990இல் நின்றது, அடுத்த ஆண்டு பம்புகளையும் நிறுத்திவிட்டார்கள். இந்தப் பகுதி முழுவதையும் 2006இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னங்களில் சேர்த்தது.

கடலடித் தளங்கள் தண்ணீரில் கிடக்கின்றன. செம்புத் தாதில் உப்புநீர் பட்டால் நீலம் கலந்த பச்சையில் ஒரு கனிமம் உருவாகும். 1865இல் விவரிக்கப்பட்ட அந்தக் கனிமம் முதலில் இந்தச் சுரங்கத்தில்தான் கிடைத்தது, அதனால் அதற்கு 'பொட்டாலக்கைட்' என்று பெயர்.